கோவெண்டரும் முனுசாமியும் அண்ணன் தம்பி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களின் பெயர்களை முதல் தடவை கேட்டால் கொஞ்சம் தலை சுற்றும். மூட்லி, கோவெண்டர், நாயுடூ, பிள்ளே, படையாச்சி, செட்டி, நாயக்கர். மூட்லி என்பது நம் முதலி, கோவெண்டர் என்பது கவுண்டர், மற்றதெல்லாம் உங்களுக்கே புரிந்திருக்கும். இங்கே பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டம் அங்கே பாஸ்போர்ட்டிலும் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலும் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது. அதோடு நின்றால் பரவாயில்லை. முனுசாமி, பெருமாள், வீராசாமி, கோவிந்தசாமி என்று நாம் பிள்ளைக்கு வைக்கிற பெயர்களும் அங்கே குடும்பப் பெயர்கள்தான். டர்பனில் அடுத்தடுத்த தெருவில் ஒரு முனுசாமி குடும்பமும் ஒரு கோவெண்டர் குடும்பமும் இருந்தால் இரண்டும் வேறு வேறு வம்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்கள் ஒரே ஆளின் பேரப்பிள்ளைகளாக இருப்பது அங்கே அப்படியொன்றும் அபூர்வம் இல்லை.

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஓர் அக்காவால்தான் நான் இதற்குள் வந்து விழுந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவெண்டர் வீட்டுப் பெண். தமிழ் பேச வராது, ஆனால் தாத்தா, ஆயா, பெரியம்மா என்ற உறவுமுறைச் சொற்கள் மட்டும் அப்படியே வாயில் இருக்கின்றன. பாட்டியை ஆயா என்று சொல்வதைக் கேட்டதுமே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது, எங்கள் வேலூர்ப் பக்கமும் பாட்டி என்றால் ஆயாதான். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, மேலே 'தம்பி' என்று மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழாகப் போடுவார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் கொள்ளுத்தாத்தா குடியாத்தத்துக்காரர் என்று சொல்கிறார்கள், எந்த ஊர் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா? நான் குடியாத்தத்துக்காரன், பழைய காகிதங்களைக் கிண்டுவதில் ஒரு பைத்தியம் உண்டு, சரி என்று சொல்லிவிட்டேன்.

கதையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்பன் இருக்கிற நேட்டாலில் கரும்புத் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கடைசிக் கப்பலான உம்லாசி 1911 ஜூலையில் போய்ச் சேர்ந்தது. இடையில் எட்டு வருடம் ஆள் ஏற்றுவது நின்றிருந்தது, 1874ல் மறுபடி தொடங்கியது. தொடங்கிய இரண்டே வருடத்தில் இங்கே தாது வருடப் பஞ்சம். வட ஆற்காடும் சேலமும் எப்படி வாடின என்பது நம் பாட்டிமார் கதைகளில் இன்னும் இருக்கிறது. மொத்தம் 1,52,184 பேர் போனார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸில் கப்பல் ஏறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி, பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். காகிதத்தில் இருந்தது இது. கையில் எவ்வளவு வந்தது, பிடித்தம் எவ்வளவு என்பது தோட்டத்தைப் பொறுத்தது, சர்தாரை, அதாவது கங்காணியைப் பொறுத்தது.

இப்படிப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஆணோ பெண்ணோ கைக்குழந்தையோ, எல்லோருக்கும். அந்த எண் அவரைச் சாகும்வரை விடாது. ஒப்பந்தம் முடிந்த சான்றிதழில் அது இருக்கும், கல்யாணப் பதிவில் இருக்கும், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள்மேல் 1895ல் கொண்டுவந்த மூன்று பவுன் வரியைக் கட்டிய ரசீதில் இருக்கும். அங்கே பிறந்த பிள்ளைகளைக்கூட இன்ன எண்ணுக்குப் பிறந்தது என்றுதான் எழுதினார்கள். மனிதரை எண்ணாக்குவது கேவலமான காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வம்சம் தேடுகிறவருக்கு அதைவிட நல்ல பிடி வேறு கிடையாது. பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள், முனுசாமி என்ற ஒரே பெயரை நான் எத்தனையோ எழுத்துக்கூட்டலில் பார்த்துவிட்டேன். எண் மாறாது.

கப்பல் பட்டியல்களின் மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றித் தேடுகிற மாதிரி வைத்திருக்கிறது. அக்கா அதில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் போட்டுத் தேடினார். வடிவேலோ முனுசாமியோ, இந்தப் பெயர்களில் தேடினால் வரிசையாக வந்து விழும், ஒரே வயது, ஒரே மாவட்டம் என்றுகூட இரண்டு மூன்று பேர் வருவார்கள். அவர்களில் யார் நம் ஆள்?

இங்கேதான் குடும்பப் பெயர்களின் சிக்கலுக்குள் போக வேண்டியிருந்தது. அக்காவுக்குத் தெரிந்த கோவெண்டர் கிளையில் காகிதம் எதுவும் இல்லை. 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் வீட்டைக் காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது எது எங்கே போனதோ. ஆனால் சின்ன வயதில் ஒரு முனுசாமி வீட்டுக்குக் காரியத்துக்குப் போனதும், அங்கே அப்பா மொட்டை போட்டுக்கொண்டதும் அவருக்கு நினைவிருந்தது. வெறும் சிநேகிதருக்காக யாராவது மொட்டை அடிப்பார்களா என்று கேட்டேன். அவர் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்தார். அவர்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் ஒப்பந்தம் முடிந்த சான்றிதழ் இருந்தது, மடிப்பில் கிழிந்து, ஆனால் எண் தெளிவாக.

எண்ணை வைத்துப் பட்டியலில் ஒரு வரி கிடைத்தது. அந்த வரியின் படத்தை என் போனில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. இடமிருந்து வலமாக: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண், சாதி, உயரம், உடலில் அடையாளம், ஜில்லா, தாணா, கிராமம். வயது 22. அடையாளம், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. ஜில்லா என்ற இடத்தில் வட ஆற்காடு. தாணா என்ற இடத்தில் குடியாத்தம், அதாவது நம் கணக்கில் தாலுகா. கிராமத்தின் பெயர் முடியும் இடத்தில் மை பரவியிருக்கிறது, கடைசி இரண்டு எழுத்து பட்டியா பள்ளியா என்று சொல்ல முடியாதபடி. வரியின் ஓரத்தில் எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்று இருக்கிறது, மவுண்ட் எட்ஜ்கோம்பு பக்கம். மதராஸ் டிப்போவில் ஓர் எழுத்தர் இதை எழுதியிருக்கிறார். நம் பெயர்களைக் காதால் கேட்டு எழுதத் தெரிந்த ஆள் அவர், கப்பல் பட்டியலின் எழுத்துக்கூட்டல் பல இடங்களில் நன்றாகவே இருக்கும். முனுசாமி மூன்சாமி ஆனதும் கவுண்டர் கோவெண்டர் ஆனதும் பெரும்பாலும் கடல் தாண்டிய பிறகுதான்.

சரி, தகரப் பெட்டியில் இருந்த எண் முனுசாமி வீட்டுத் தாத்தாவுடையது. அவரே அக்காவின் கொள்ளுத்தாத்தா என்பதற்கு மொட்டை அடித்ததைத் தவிர வேறென்ன ஆதாரம்? அந்த வரியில் இருந்த தகப்பன் பெயர்தான் கைகொடுத்தது. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். கப்பல் ஏறியவர் முனுசாமி, அவர் தகப்பன் பெருமாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளைக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது நம் வழக்கம், டர்பனிலும் அதை விடவில்லை. முனுசாமியின் மூத்த மகன் பெருமாள். அக்காவின் தாத்தா இரண்டாவது மகன். கோவெண்டர் வீட்டில் எப்போதும் "பெருமாள் பெரியப்பா" என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு வருமாம், அவர் யார் வழி உறவு என்று யாருக்கும் தெரியாமலே. பட்டியலில் அதே வயதில் அதே மாவட்டத்தில் வேறு முனுசாமிகள் இருந்தார்கள், ஆனால் தகப்பன் பெருமாள் என்று இருந்தது இந்த ஒரு வரியில்தான். இன்ஷியலை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று தலைமுறைக்கு மேல் போக முடியாமல் நிற்கிற நம் ஊர்க்காரர்களும் இந்த வழியை முயன்று பார்க்கலாம். பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும், அந்த வரிசை எங்கேயாவது உடைந்தால் அங்கே ஒரு மூத்த பிள்ளை சின்ன வயதிலேயே செத்திருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஒரே அப்பாவின் பிள்ளைகளுக்கு எப்படி வேறு வேறு குடும்பப் பெயர் வந்தது என்பதைப் பார்ப்போம். மூத்தவர் தோட்டத்தில் பிறந்தவர், பதிவில் பெருமாள், தகப்பன் முனுசாமி. நாம் மு. பெருமாள் என்று எழுதுவதை அவர்கள் பெருமாள் முனுசாமி என்று திருப்பிப் போட்டுக் கடைசியில் வந்ததைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் பிள்ளைகளில் முதல் இரண்டு பேருக்கு அதே கணக்கில் பெருமாள் என்பது குடும்பப் பெயர் ஆனது, ஏனென்றால் அவர்களுக்கு அப்பா பெயர் பெருமாள். கடைக்குட்டிக்கு மட்டும் பள்ளியில் சேர்க்கும்போது யாரோ தாத்தா பெயரையே கொடுத்துவிட்டார்கள், ஆகவே அவர் முனுசாமி. ஒரே வீட்டில் அண்ணன் பெருமாள், தம்பி முனுசாமி. இரண்டாவது மகன், அதாவது அக்காவின் தாத்தா, ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவர், குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது பட்டத்தைச் சொல்லியிருக்கிறார், கோவெண்டர். மூன்றாமவர் ஞானஸ்நானம் பெற்று பைபிளிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டார், அவர் வழியில் வந்தவர்கள் கேப்டவுனில் இருக்கிறார்கள், தமிழ்ச் சாயலே இல்லாத பெயரோடு. மகள் ஒருத்தி படையாச்சி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆக ஐந்து குடும்பப் பெயர், ஒரே ஆளிடமிருந்து. 1950ல் மக்கள் பதிவுச் சட்டம் வந்து, எல்லோருக்கும் அடையாள எண் கொடுத்தபோது அன்றைக்கு யார் கையில் எந்தப் பெயர் இருந்ததோ அது அப்படியே உறைந்துவிட்டது.

இதை எழுதும்போது ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. 1929ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியார் நாயக்கரை விட்டார், பலர் விட்டார்கள், இரண்டு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் முதலியாரும் பிள்ளையும் கவுண்டரும் பெரும்பாலும் பெயர்ப்பலகையிலிருந்து இறங்கிவிட்டன. டர்பனில் அதே காலத்தில் எதிர்த்திசையில் வேலை நடந்திருக்கிறது. சாதி அங்கே நாளாவட்டத்தில் பிடி தளர்ந்தது, கப்பலிலும் தோட்டத்து லயத்திலும் ஒன்றாகக் கிடந்தவர்கள் எதைப் பார்க்க முடியும். ஆனால் பட்டம் மட்டும் குடும்பப் பெயராகக் கெட்டிப்பட்டது. அங்கே மூட்லி என்கிற ஒருவருக்கு அது சாதியைச் சொல்கிற சொல் என்றே தெரியாமல் இருக்கலாம். இங்கிருந்து போகிற நம் ஆட்கள் அதைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

அந்தக் கணக்கு தப்பாகவும் போகும். கோவெண்டர் என்றதும் இங்கே பலர் கோயம்புத்தூர், ஈரோடு என்று கொங்குப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வட ஆற்காட்டிலும் சேலம், தர்மபுரியிலும் வன்னியர்கள் கவுண்டர் பட்டம் போட்டார்கள். அதே வன்னியர்கள் செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர், தென்னாற்காட்டில் படையாட்சி. டர்பனில் ஒரு கோவெண்டரும் ஒரு நாயக்கரும் ஒரு படையாச்சியும் மூன்று வேறு கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஜில்லா மாறியதால் பட்டம் மாறிய ஒரே சமூகத்து ஆட்களாக இருப்பார்கள். நாயக்கரில் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு, அது இன்னொரு சிக்கல். அதனால் பட்டத்தை மட்டும் வைத்து ஊரைத் தேடாதீர்கள் என்று எழுதிக் கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் ஜில்லா, பிறகு தாலுகா, கடைசியாகத்தான் பட்டம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கப்பல் பட்டியலில் சாதி என்று எழுதியிருப்பதும், பிள்ளைகள் டர்பனில் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டதும் பொருந்தாமல் போகிற வரிகள் நிறைய உண்டு. கடல் கடந்ததும் பழைய பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலான பட்டம் என்று நினைத்ததை மாட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஏன் மாட்டக்கூடாது? ஊரில் செருப்புப் போட்டு நடக்க விடாத தெருவை விட்டுப் போனவருக்கு அங்கே பெயர் கேட்கிற எழுத்தருக்கு முன்னால் கிடைத்த அரை நிமிடச் சுதந்திரம் அது. தொடக்கக் காலப் பட்டியல்களில் எழுத்தர்களே சாதி என்ற இடத்தில் மலபார், ஜென்டூ என்று தமிழனையும் தெலுங்கனையும் பிரித்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்கள் அறிவு அவ்வளவு. அக்காவின் குடும்பத்திலும் ஒரு கிளையில் இந்தப் பொருத்தமின்மை வந்தது. வயதான ஒரு மாமா அந்தப் பக்கத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அனுப்பவில்லை. ஆனால் வரைந்த வம்ச மரத்தில் எதையும் அழிக்கவும் இல்லை.

இப்போது ஊருக்கு வருவோம். வட ஆற்காடு என்று இருந்தால் உடனே வேலூருக்கு பஸ் ஏறாதீர்கள். அந்தக் காலத்து வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். திருப்பதி, சந்திரகிரி, பலமனேர், திருத்தணி எல்லாம் அதற்குள். 1911ல் சித்தூர் தனி மாவட்டமானது, 1960ல் திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது, 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரு வரியில் வட ஆற்காடு என்று இருக்கிற ஆளின் ஊர் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். மரண அறிவிப்புகளில் பிறந்த இடம் என்று மதராஸ் என்று எழுதியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு மயிலாப்பூரில் தேடிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கப்பல் ஏறிய இடமும் மாகாணத்தின் பெயரும் மதராஸ்தான், ஊர் என்னவோ கலசப்பாக்கம் பக்கம்.

நம் ஆளுக்குத் தாலுகா தெரிந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம். இன்றைய பேரணாம்பட்டும் அப்போது குடியாத்தம் தாலுகாதான். மை பரவிய அந்தப் பெயருக்குப் பொருந்துகிற கிராமங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். முதலில் வருவாய்த் துறை ஆவணம் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், அ பதிவேடு, பழைய செட்டில்மென்ட் கணக்கு, எழும்பூர் ஆவணக் காப்பகம். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அவை நிலம் வைத்திருந்தவர்களின் கதை. 22 வயதில் கரும்பு வெட்டக் கப்பல் ஏறினவர் வீட்டில் பட்டா இருந்திருந்தால் அவர் ஏன் ஏறப்போகிறார்? அதனால் நான் காகிதத்தை விட்டுவிட்டுச் சாமியைப் பிடித்தேன்.

அக்காவிடம் வீட்டில் என்ன சாமி கும்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம் என்றார். அது அங்கே எல்லோர் வீட்டிலும் உண்டு. வேறே என்று துருவியதில் இரண்டு விஷயம் வந்தது. ஒன்று, ஆயா சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை: தலையை வெட்டி எடுத்து ஊர்வலமாகக் கொண்டுபோய் உடம்போடு சேர்க்கிற அம்மன், பெயர் கெங்கம்மா. எனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்போல் ஆகிவிட்டது. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம், கூட்டத்தில் தேங்காய் உடைகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சிரசு கோயிலுக்கு வந்து உடலில் பொருந்துகிறவரை ஊரே காத்துக்கொண்டிருக்கும். பட்டியல் தாணா என்ற இடத்தில் சொன்னதை ஆயாவின் கதையும் சொன்னது.

இரண்டாவது விஷயம் வேறு மாதிரி. படையல் போடும்போது கடைசியில் ஒரு கல்லுக்கும் இலை வைப்பார்களாம், அதற்கு வீடியப்பா என்று பெயராம். யார் அது என்று யாருக்கும் தெரியவில்லை, வீடியோவா என்று பேரப்பிள்ளைகள் கிண்டல் செய்வார்களாம். அது வேடியப்பன். செங்கம், திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கம் நடுகற்களை அந்தப் பெயரில்தான் கும்பிடுகிறார்கள். கையில் வில்லோ வாளோ வைத்திருக்கிற வீரன் கல், ஏரிக்கரையிலோ வேப்ப மரத்தடியிலோ நிற்கும். ஆனால் அது எங்கள் குடியாத்தம் பக்கத்துச் சாமி என்று சொல்ல முடியாது. அது அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கெங்கையம்மனை வைத்து ஊர்களைக் குறைத்துக்கொண்டு, மிஞ்சியவற்றில் பெரியவர்களைப் பிடித்துப் பேசினேன். எல்லா ஊரிலும் இதே கேள்விதான்: உங்க வகையறாவுல யாராவது அந்தக் காலத்துல கப்பலுக்குப் போனாங்களா? ரங்கூன் என்பார்கள், சிலோன் என்பார்கள், பட்டாளம் என்பார்கள். ஓர் ஊரில், பட்டியில் முடிகிற ஊர்தான், திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "எங்க தாத்தனோட சித்தப்பன் ஒருத்தன் சண்டை போட்டுக்கிட்டு நெட்டாலுக்குப் போயிட்டான்னு சொல்லுவாங்க. வரவே இல்ல. அவன் பாகத்துக்கு இன்னிக்கும் பொங்க வைக்கசொல்ல ஒரு பானை தனியா வைக்கறோம்." நெட்டால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மோரீசுக்குப் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சித்தப்பனின் பெயர் அவருக்கு நினைவில்லை. அப்பன் பெயர் பெருமாளா என்று நானாகக் கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன், கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் விருந்தாளியை ஏமாற்ற யாருக்கும் மனம் வராது. உங்கள் வகையறாவில் மூத்த பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் விரல் விட்டுச் சொன்ன வரிசையில் நாங்கள் தேடிய பெயர் இரண்டு இடத்தில் வந்தது. இது கோர்ட்டில் நிற்கும் ஆதாரம் இல்லைதான். ஆனால் தாலுகா, ஊர்ப் பெயரின் பாதி, சாமி, பெயர் வரிசை, கப்பலுக்குப் போய்த் திரும்பாத ஒரு பங்காளி, இவ்வளவும் ஒரே வீட்டில் வந்து விழும்போது நான் நம்புகிறேன். அக்காவிடமும் இந்த அளவுக்குத்தான் நம்புகிறேன் என்று தெளிவாகவே எழுதினேன்.

அவர் அந்தக் கடிதத்தை ஐந்து குடும்பப் பெயர்க்காரர்களுக்கும் அனுப்ப, அங்கே ஒரு பஞ்சாயத்து கிளம்பியிருக்கிறது. கோவெண்டர் கிளையில் ஒரு பையனும் முனுசாமி கிளையில் ஒரு பெண்ணும் பல வருடமாகக் கல்யாணம் செய்துகொண்டு வாழ்கிறார்கள். இங்கத்து முறைப்படி அண்ணன் தங்கை. டர்பன் அத்தைமார்கள் பதறிப்போய் என்னிடம் கேட்கச் சொன்னார்கள். கல்யாணம் ஆகிப் பேரன் பேத்தியே எடுத்தாயிற்று, இனி என்ன செய்யப் போகிறீர்கள், வம்ச மரத்தில் இரண்டு கோடு ஒரே இடத்தில் சேர்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள் என்று எழுதினேன். குடும்பப் பெயர் வேறு என்றால் பங்காளி இல்லை என்று நம்பிக் கொடுத்த சம்பந்தம் அங்கே இன்னும் எத்தனை இருக்கும்!

வேடியப்பனுக்கு வருகிறேன். அது பெண் வழியாக வந்திருக்க வேண்டும். நம் வழக்கப்படி கல்யாணம் ஆனதும் புருஷன் வீட்டுக் குலதெய்வம்தான். ஆனால் முனுசாமி சீக்கிரமே இறந்துவிட்டார், பிள்ளைகளை வளர்த்தது அவர் மனைவி. பங்காளிகள் யாரும் இல்லாத ஊரில் தன் பிறந்த வீட்டுச் சாமிக்கு ஓர் இலை போட்டால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? இந்தப் பெண்களைத் தேடுவது ஆண்களைத் தேடுவதைவிட நாலு மடங்கு கஷ்டம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று விதி வைத்து ஏற்றினார்கள், பலர் தனியாகவே வந்தவர்கள், எப்படிப்பட்ட சூழலில் வந்தார்கள் என்று எந்தக் காகிதமும் சொல்லாது. தாலி கட்டிய கல்யாணம் பதிவாகாமல் போனால் பிள்ளைகள் தாயின் பெயரில் எழுதப்பட்டார்கள். 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்களைச் சட்டப்படி செல்லாததாக்கியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பெண்கள் கூட்டமாகச் சத்தியாக்கிரகத்துக்கு வந்து சிறைக்குப் போனார்கள், நம் தில்லையாடி வள்ளியம்மையும் அதில்தான். 16 வயதுகூடத் தாண்டவில்லை, சிறையில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், பார்க்காத ஊரின் பெயரைச் சேர்த்துத்தான் நாம் அவரைக் கூப்பிடுகிறோம்.

முனுசாமியின் மனைவி வேறு கப்பலில் தனியாக வந்தவர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருந்த மரண அறிவிப்பில் அவர் எண் இருந்தது, அதை வைத்து அவர் வரியும் கிடைத்துவிட்டது. வயது 19, வலது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது, ஜில்லா வட ஆற்காடு, தாணா போளூர். கிராமம் புதூர். போளூர், செங்கம், கலசப்பாக்கம் சுற்றி எத்தனை புதூர் இருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அவருக்கு முன்னும் பின்னும் இருக்கிற வரிகளில் அதே ஊர்க்காரர்கள் யாராவது சேர்ந்து ஏறியிருக்கிறார்களா என்று அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்டமாகப் போனவர்களுக்கு எண் அடுத்தடுத்து இருக்கும், அவர்களில் ஒருவர் ஊர்ப்பெயரை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லியிருந்தால் போதும்.

அதற்குள் ஏரிக்கரையில் வேடியப்பன் கல் இருக்கிற புதூர், அந்த வகையறாவில் ஒரு பெண் காணாமல் போனதாகக் கதை இருக்கிற வீடு, போளூர்ப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். தகப்பன் பெயரை நான் இங்கே போடவில்லை. நீங்கள் சொல்லுங்கள், ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.